தோக்தார் வாங்கிய ஈ-ரீடர்

ஒரு ஈ-ரீடரைத் தேர்ந்தெடுக்க தோக்தாருக்கு ஐந்து வாரம் ஆனது. கசாக் நாட்டுத் தாராஸ் நகரில் அதை விற்ற கடையே இரண்டுதான். இரண்டிலும் புத்தகம் படிக்கிற முகம் ஒன்றுகூட இல்லை.

"கலர்ல எடுங்கய்யா. படம் பாக்கலாம், பேரன் விளையாடுவான்" என்று முதல் கடைக்காரன் ஒன்றை அவர் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"நான் ஜெர்மன் படிக்கணும்ப்பா. ஓரத்துல எழுதணும். முடியுமா?"

"எல்லாம் முடியும்யா."

ஒன்றும் முடியவில்லை. ஜெர்மன் சொல்லை அழுத்தினால் அகராதிக்குப் பதில் விளம்பரம் வந்தது. கசாக் எழுத்துகளில் பாதி வெறும் கட்டங்களாக நின்றன. எழுதக் கையைப் பதித்தால் பேனாவுக்கு முன்னால் உள்ளங்கை கோடு போட்டது. கூசாமல் புளுகுகிறானே, இவனுக்கெல்லாம் ஒரு கடை! தோக்தார் அதை அவனிடமே தள்ளிவிட்டு வெளியேறினார். கடைசியில், மற்ற கடையில் தூசி படிந்து கிடந்த கறுப்பு வெள்ளைக் கருவி ஒன்று அவர் சொன்னபடி கேட்டது.

முப்பது வருஷம் பள்ளியில் ஜெர்மன் கற்பித்தவர். அந்தக் காலத்து ஜெர்மன் வைத்தியர் ஒருவர் இந்தப் புல்வெளியில் எழுதிய நாட்குறிப்பைக் கசாக்கில் கொண்டுவர வேண்டும் என்பதே மிச்சமிருந்த ஆசை. நான்கு மாதத்தில் பக்க ஓரமெல்லாம் அவர் கையெழுத்து நிறைந்தது. நோய்களுக்கும் மூலிகைகளுக்கும் இருந்த பழைய பெயர்களை ஊர் ஊராகப் போய்க் கிழவர்களிடம் கேட்டு எழுதியிருந்தார். அந்தக் கிழவர்களில் இரண்டு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அப்போதுதான் அக்கா மகன் குவாண்டிக் வந்தான். நாற்பத்திரண்டு வயதுத் தடியன். கசாக் வழக்கப்படி, தாய்மாமன் வீட்டில் பிடித்த பொருளை மூன்று முறை எடுத்துக்கொள்ளும் உரிமை அக்கா மகனுக்கு உண்டு. மாமன் மறுக்கக் கூடாது. ஏற்கெனவே ஒரு சேணத்தையும் ஒரு பெண்குதிரையையும் கொண்டுபோயிருந்தான். அப்படிப்பட்டவன் முன்னால் எந்தப் பொருளையும் புகழக் கூடாது என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். தோக்தாருக்கு வாய் நிற்கவில்லை.

"இதைப் பாருடா, என் வாழ்நாள்ல இப்படி ஒரு பொருள் வாங்கினதில்லை."

மனைவி ரிஸ்தி அவர் காலை மிதித்தாள். குவாண்டிக் ஆட்டுக்கொழுப்பு வழிந்த விரலைத் திரையில் தேய்த்தான்.

"மூணாவது பாக்கி இருக்குல்ல மாமா? இது எனக்கு."

"உனக்கு ஜெர்மன்ல ஒரு எழுத்தாவது தெரியுமா?"

"அது எதுக்கு? என் பொண்டாட்டி சீரியல் பாப்பா."

"இதுல படம் ஓடாதுடா. நான் எழுதினது எல்லாம் இதுலதான் இருக்கு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் விடு, தாள்ல பாத்து எழுதிக்கிறேன்."

"கேட்ட உடனே குடுக்கிறதுதான் முறை மாமா. இல்லேன்னா உங்களுக்குத்தான் ஆகாது."

கருவியைக் கோட்டுப் பையில் செருகிக்கொண்டு போனான்.

நான்காம் நாள் திரும்பி வந்தான்.

"இது குப்பை மாமா. படமே ஓடலை. உள்ள வேற ஒரே கிறுக்கலா இருந்துச்சு. கடையில குடுத்து எல்லாத்தையும் அழிச்சுப் புதுசாட்டம் கொண்டாந்திருக்கேன். இதுக்குப் பதிலா அந்தச் சாம்பல் குதிரையைக் குடுத்துருங்க."

தோக்தார் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிப் பார்த்தார். அவர் கையெழுத்து ஒன்றுமில்லை. வைத்தியர் எழுதியதுகூட இல்லை. திரையின் மூலையில் கொழுப்பு மட்டும் காய்ந்து கிடந்தது. சீ, இதுவும் ஒரு சொந்தமா!

"குதிரை கிடையாது" என்றார். "மூணும் முடிஞ்சுபோச்சு."

"அதான் திருப்பிக் குடுத்துட்டேனே. இது எப்படிச் சேரும்?"

"நீ கொண்டுபோனது அந்தக் கிறுக்கலை. அதைத் திருப்பிக் குடு, அப்புறம் குதிரையைப் பேசலாம்."

குவாண்டிக் அத்தையைப் பார்த்தான். ரிஸ்தி தேநீர்ப் பாத்திரத்தை எடுத்தாள். விருந்தாளி இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று நினைத்தால் அரைக் கோப்பைதான் ஊற்றுவார்கள். அவள் விளிம்பு வரை ஊற்றி அவன் முன்னால் வைத்தாள்.