கேப்டன் எந்தக் கைப்பிடியை இழுத்தார்?

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பொம்மை விமானத்தால் வந்தது.

எங்கோ ஒரு சரக்கு விமானம், கிளம்பும்போதே ஓர் இன்ஜின் நின்றுபோய், ஓடுபாதைக்கு அப்பால் விழுந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் விவாதம். கோட் போட்ட நிபுணர் ஒருவர் பொம்மை விமானத்தை மேசையிலிருந்து மேலே ஏற்றி, சாய்த்து, "இப்படித்தான்" என்றார். விழாமல் இன்னொரு கையால் பிடித்தும் கொண்டார். பறவை மோதியிருக்கலாம், எரிபொருள் கெட்டிருக்கலாம், சரக்கு நகர்ந்திருக்கலாம், இன்ஜினுக்கே வயதாகியிருக்கலாம். இப்படி 'லாம், லாம்' என்று அளப்பது எங்கள் தொழிலல்லவா? அதை அவர் கோட் போட்டுக்கொண்டு செய்கிறாரே என்று எனக்கு வயிற்றெரிச்சல். உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் வரி: 'பனி விலகாத காலையில் அந்த இரும்புப் பறவை—'

சீ. இரும்புப் பறவையாம். அடித்துவிட்டேன்.

அடுத்தது: 'மரணம் என்பது—'

அதுவும் வேண்டாம். இந்தக் கதையில் யாரும் சாகப்போவதில்லை, நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டியதில்லை. கேப்டனுக்குத் தோள் எலும்பு போயிற்று, துணை விமானிக்குக் கணுக்கால். விமானம்தான் மூன்று துண்டு. ஏற்றிப்போனது பிளாஸ்டிக் நாற்காலிகள். கூட்டம் வராத பொதுக்கூட்டம் போல வயல் முழுக்க நாற்காலியாகக் கிடந்தது.

2.

கேப்டனும் துணை விமானியும் மாமனார் மருமகன்.

(இருவரையும் ஒரே விமானத்தில் எந்தக் கம்பெனி அனுப்பும் என்று கேட்பீர்கள். மொத்தமே இரண்டு விமானம் வைத்திருக்கிற கம்பெனி அனுப்பும். நான் உண்டாக்கிய கம்பெனிதான், நான் சொன்னால் கேட்கும்.)

கேப்டன் கறாரான ஆள். குரலை உயர்த்தாமலே எதிரில் இருப்பவரை அடக்கிவிடுவார். மாப்பிள்ளை முதலில் அவரிடம் பயிற்சிக்கு வந்தவர். "எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டான், தங்கமான பையன்" என்று சொல்லித்தான் பெண்ணையே கொடுத்தார். கல்யாணமான நாளிலிருந்து மாப்பிள்ளை அவரிடம் பேசியதெல்லாம் "சரிங்க மாமா" மட்டும். டிவியை அணைங்க என்றாலும் சரிங்க மாமா. வேற வேலைக்குப் போகாதீங்க, இங்கேயே இருங்க என்றாலும் சரிங்க மாமா.

(இந்த மாப்பிள்ளையை எனக்கே நம்ப முடியவில்லை. இவ்வளவு சாதுவான மனுஷன் உண்டா? ஒரு வரைவில் கொஞ்சம் கோபம் கொடுத்துப் பார்த்தேன். அவருக்கு ஒட்டவில்லை, கழற்றிவிட்டேன்.)

நடுவில் மகள். கேப்டனுக்கு ஒரே பெண், மாப்பிள்ளைக்கு மனைவி, தொழில் பிசியோதெரபி. இப்போது வீட்டிலேயே இரண்டு நோயாளிகள். முன்னறையில் அப்பாவின் தோளைப் பிடித்துவிட வேண்டும், உள்ளறையில் புருஷனின் கணுக்காலை மடக்கி நீட்ட வேண்டும். விபத்துக்குப் பிறகு இரண்டு பேரும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. "உன் வீட்டுக்காரர் மாத்திரை போட்டாரான்னு கேளு" என்று இங்கிருந்து ஒரு குரல், "போட்டாச்சுன்னு மாமாகிட்ட சொல்லு" என்று அங்கிருந்து ஒரு குரல். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது அவளுக்காகவே சொன்ன பழமொழி.

3.

இனி விவகாரத்துக்கு வருகிறேன். ஓர் இன்ஜின் நின்றால் விமானம் விழ வேண்டும் என்று விதியில்லை. நின்றதை முழுதாக அணைத்துவிட்டு, மற்றதை வைத்து ஏறிவிடலாம். அணைக்கிற கைப்பிடிகள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பதற்றத்தில் கை மாறிவிடக் கூடாது என்று ஒரு முறை உண்டு. ஒருவர் கைப்பிடியில் கையை வைத்து "இதுதானே?" என்று கேட்க வேண்டும். மற்றவர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் இழுக்க வேண்டும்.

இந்த விமானத்தில் முதலில் நின்றது இடது இன்ஜின். கொஞ்ச நேரத்தில் வலதும் நின்றது. அது எப்படி நின்றது என்பதைத்தான் திங்கட்கிழமை விசாரிக்கப்போகிறார்கள். நல்ல இன்ஜினை அணைத்தது விமானிதான் என்று முடிவானால் லைசென்ஸ் போய்விடும். கேப்டனுக்கு வேறு வாழ்க்கை தெரியாது.*

* விமானத்தில் பேச்சைப் பதிவு செய்யும் பெட்டி உண்டே என்பீர்கள். அதைக் கழற்றி ரிப்பேருக்கு அனுப்பிவிட்டேன். அது வேலை செய்தால் கதை இந்த இடத்திலேயே முடிந்துவிடும், நான் வேறு பிழைப்பு பார்க்க வேண்டியதுதான்.

4.

இந்த இடத்தில் மகள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"எழுத்தாளரே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். பறவை மோதிச்சுன்னு எழுதிடுங்க."

எழுதினேன். 'கொக்குக் கூட்டமொன்று—'. பறவை இடது இன்ஜினை நிறுத்தும், சரி. வலதுக்கு இன்னொரு கூட்டமா? கேட்பவன் கேனையன் என்றால் கொக்கும் கப்பல் ஓட்டும்!

"அப்போ சரக்கு நகர்ந்துடுச்சுன்னு எழுதுங்க."

அதையும் எழுதினேன். சரக்கு ஏற்றும் மேஸ்திரி சண்டைக்கு வந்துவிட்டார். "யோவ், நான் கட்டுன பெல்ட் ஒண்ணு அவிழ்ந்திருந்தா என் மீசையை எடுத்துடறேன். மாமனாரும் மருமகனும் அடிச்ச கூத்துக்கு என் தலையில ஏன்யா கட்டறீங்க?" மீசையைப் பார்த்தேன். அழகான மீசை. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

எரிபொருள் மேல் பழி போடலாமென்றால், அதே எரிபொருளைக் குடித்த இன்னொரு விமானம் நல்லபடியாகப் போய் வந்துவிட்டது.

"இங்க பாரும்மா, உண்மையில என்னதான் நடந்துச்சு?" என்று கேட்டேன்.

"அப்பா சரியானதைத்தான் இழுத்தேங்கிறாரு. 'நான் கேட்டேன், மாப்பிள்ளை பாத்துச் சரின்னாரு, அப்புறம் எப்படித் தப்பாகும்?'னு அடிச்சுப் பேசறாரு."

"உன் வீட்டுக்காரர்?"

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"ஆஸ்பத்திரியிலயே எங்கிட்ட சொல்லிட்டாரு. அப்பா கை வெச்சது வலதுலயாம். இவர் பாத்திருக்காரு. 'ஐயோ அது இல்ல'ன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன், பழக்கதோஷத்துல 'சரிங்க மாமா'ன்னு வந்துடுச்சுங்கிறாரு. நான் அழறதா சிரிக்கறதா, நீங்களே சொல்லுங்க."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. புருஷன் உண்மையைச் சொன்னால் அப்பா கெட்டார். சொல்லாவிட்டால் அவர்கள் இருவரும் இதே பழக்கத்தோடு மறுபடி ஒன்றாகப் பறப்பார்கள். அடுத்த முறையும் நாற்காலிகளுக்கு மட்டும் சேதமாகும் என்று யார் கண்டது?

5.

அடுத்து என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் இருவரையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தாள். நடுவில் இரண்டு கரண்டிகளை வைத்தாள்.

"நாளைக்குக் கேப்பாங்க. ஒரு தடவை செஞ்சு பாத்துடுங்க. இடது இன்ஜின் போச்சு. அப்பா, நீங்க கேளுங்க."

அதற்கு முன்பே முன்னறையில் அப்பாவின் காதில் சொல்லியிருந்தாள்: "வேணும்னே வலது கரண்டியில கை வைங்கப்பா. அவர் என்ன சொல்றாருன்னு பாப்போம்."

"என்ன சொல்வாரு? தப்புன்னு சொல்வாரு. அவரும் பைலட்தானேம்மா."

கேப்டன் வலது கரண்டியில் கை வைத்தார். "இதுதானே மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை கரண்டியைப் பார்த்தார். மாமனாரின் முகத்தைப் பார்த்தார்.

"சரிங்க மாமா."

கேப்டன் கரண்டியை விடவில்லை. இத்தனை நாள் அவர் பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஒரு 'சரி'யைத்தான். அது போனதும், அன்றைக்குத் தன் கை எதில் இருந்தது என்று அவருக்கே நிச்சயமில்லை.

"அன்னைக்கும் இப்படித்தானா?" என்று மகளிடம் கேட்டார்.

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். மகள் கரண்டிகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். அங்கே தேம்பித் தேம்பி அழுதாள்.

(இங்கே கேப்டனை ஒரு நீண்ட வசனம் பேசவைத்தேன். 'யானைக்கும் அடி சறுக்கும்—' என்று தொடங்கும். அவர் பேச மறுத்துவிட்டார்.)

6.

விசாரணை அலுவலகத்தின் தாழ்வாரம். மாப்பிள்ளையைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். ஊன்றுகோலைச் சரிசெய்துகொண்டு எழுந்தவரைக் கேப்டன் நிறுத்தினார்.

"மாப்பிள்ளை, எதையும் மறைக்காதீங்க. நல்ல இன்ஜினை அணைச்சது என் மாமனார்தான்னு சொல்லிடுங்க. லைசென்ஸ் போனாப் போகட்டும்."

மாப்பிள்ளை அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"மாட்டேன் மாமா."

சொல்லிவிட்டு உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது.

நான் இந்த வார்த்தையை அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை, சத்தியமாக. எதை மாட்டேன் என்றார்? கொக்குக் கூட்டத்தின் மேல் பழியைப் போட்டு மாமனாரைக் காப்பாற்றப் போகிறாரா? 'நான் பார்த்தேன், பார்த்தும் சரி என்றேன், தப்பு என்னுடையது' என்று தன் லைசென்ஸைக் கொடுக்கப் போகிறாரா? பாதிப் பாதியா? மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் அவர் நிஜம் போலத்தான் இருந்தார்.

கதவில் காதை வைத்துக் கேட்கலாமென்று போனேன். காவலாளி மறித்தார்.

"யாரு சார் நீங்க?"

"கதையை எழுதினவன்."

"அப்படின்னா வெளியிலேயே நில்லுங்க."

ஆகவே உள்ளே நடப்பது என் பொறுப்பில்லை. உங்களை அவர் தடுக்க மாட்டார், போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது தாழ்வாரத்தில் நடந்தது மட்டும்தான்.

பெஞ்சில் கேப்டன் மகளின் பக்கம் சாய்ந்தார். "எதை மாட்டேன்னாரு? வெளிய வந்ததும் நீ கேட்டுச் சொல்லும்மா."

"நான் கேக்க மாட்டேன்" என்றாள் மகள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "நீங்களே கேளுங்கப்பா. இப்பத்தான் அவருக்குப் பதில் சொல்ல வருதே."