பதினோரு கோடுகள்

1

"டீச்சர், கீழே கெடந்தத எடுத்தா உடையவங்ககிட்ட குடுத்துடணும்னு சொன்னீங்க. காதுல விழுந்தத யார்கிட்ட குடுக்கணும்?"

ஞாயிறு வகுப்பில் லெனா என்ற ஏழு வயதுப் பெண் கேட்டாள். களவு கூடாது என்ற கட்டளையை நடத்திக்கொண்டிருந்தேன். "அடுத்த வாரம் சொல்றேன்" என்றேன். எனக்குத் தெரியாததற்கெல்லாம் நான் சொல்லும் பதில் அதுதான் என்று பிள்ளைகளுக்குத் தெரியும், சிரித்தார்கள். பின்வரிசையில் தேநீருக்காக வாழைப்பழம் நறுக்கிக்கொண்டிருந்த ஹில்டா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கத்தியை வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார்.

அவர் பின்னால் நானும் போனதால்தான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. எழுதலாமா என்று கேட்டேன். "எழுது. ஆனா அவர் பேரு வரக்கூடாது" என்றார். அந்தப் பெயர் எனக்குத் தெரியும். நாங்கள் ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள். இருந்தாலும் எழுதமாட்டேன்.

2

முதலில் இப்படித் தொடங்கிப் பார்த்தேன்: "தூதர் வெளியுறவு அமைச்சகத்தின் படிகளில் ஏறியபோது விலா நகரமே மூச்சைப் பிடித்துக்கொண்டு" – வேண்டாம். எங்கள் தீவுநாட்டின் தலைநகரான விலா அன்று சந்தையில் சேப்பங்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தது.

இரண்டாவது முறை: "அந்நியப் பணத்தில் வளர்ந்த போலீஸ் தன் சொந்த மக்களையே" – இதையும் அடித்தேன். யாரையாவது கூண்டில் ஏற்றாமல் இந்த வாக்கியம் முடியாது. இந்தக் கதையில் அப்படி ஏற்றுவதற்கு எனக்கு ஆள் கிடைக்கவில்லை.

ஆகவே நடந்ததை நேராகவே சொல்கிறேன். கடத்தல் படகுகளைப் பிடிக்க எங்கள் போலீஸில் ஒரு சிறு பிரிவு இருந்தது. சம்பளம், வண்டி, கருவிகள் எல்லாம் ஒரு பெரிய நாட்டின் உதவி. (எந்த நாடு என்று கேட்காதீர்கள். ஹில்டாவுக்கு எழுதக்கூடாத பெயர் ஒன்று இருக்கும்போது எனக்கும் ஒன்று இருக்கலாம்.) ஒருநாள் அந்தப் பிரிவின் கோப்பு ஒன்று அமைச்சர் கைக்கு வந்தது. எண்பது பக்கம். துறைமுகத் தொழிலாளிகள் தொலைபேசியில் பேசியதெல்லாம் மொழிபெயர்த்து எழுதப்பட்டிருந்தது. அவர்களில் ஒருவரும் கடத்தல்காரர் இல்லை.

இது வேவு பார்த்தல் என்று குற்றம் சாட்டி, அந்த நாட்டு ஆலோசகர்கள் பதினான்கு நாளில் வெளியேற வேண்டும் என்றது அரசு. குற்றச்சாட்டைத் திரும்பப் பெறும்வரை தீவுகளுக்குப் போகும் மருத்துவக் கப்பல் வராது என்றது அந்த நாடு.

எண்பது பக்கத்தையும் மொழிபெயர்த்தவர் ஹில்டா.

3

அவர் ஒற்றரல்ல. (இப்படி நான் சொல்வதால் நீங்கள் நம்பவேண்டியதில்லை. மேலே படியுங்கள்.) வடக்கே பேங்க்ஸ் தீவுகளைச் சேர்ந்தவர், கணவரை இழந்தவர், நான்கு தீவுமொழிகள் தெரியும். படகுக்காரர்கள் பேச்சை எழுதித் தரவேண்டும் என்றுதான் வேலைக்கு எடுத்தார்கள். கேட்டதை ஒன்றும் விடாமல் எழுதுவேன் என்று வேதாகமத்தின் மேல் கை வைத்து உறுதி சொன்னார். படகுக்காரர்களின் குரல் எப்போது துறைமுகத்தாரின் குரலாக மாறியது என்று அவர் கவனிக்கவில்லை. "கவனிச்சேன். கேக்கல" என்று என்னிடம் திருத்தினார். அதைத் திருத்தியபடியே வைக்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஹெட்போனில் அவருடைய மருமகனின் குரல் கேட்டது. ஒரே மகளின் கணவர். துறைமுகச் சங்கத்தின் செயலாளர்.*

சங்கத்து ஆள் ஒருவர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒன்றும் விடாமல் எழுதவேண்டும் என்று உறுதி. மருமகனின் பெயரை மாமியார் சொல்லவோ எழுதவோ கூடாது என்று எங்கள் முறை. ஹில்டா பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டார். எண்பது பக்கத்தில் பதினோரு கோடுகள்.

போலீஸ் காகிதத்தில் வெறும் கோடு என்றால் ஒரே ஒரு பொருள்தான்: இவர் நம்முடைய ஆள், தகவல் தருகிறவர், பெயரை மறைத்திருக்கிறோம். அந்த வழக்கத்தை ஹில்டாவுக்கு யாரும் சொல்லவில்லை.

* எங்களில் மாமியாரும் மருமகனும் பேசிக்கொள்வதில்லை. எதிரே வந்தால் ஒருவர் வழியை விட்டு விலகி உட்கார்ந்துவிடுவார். மாமியாரின் தலைக்கு மேலே மருமகன் எதிலும் ஏறக்கூடாது. கடற்கரையில் மாமியார் நடந்த தடத்தில், ஓதம் ஏறி அதைக் கழுவும்வரை, கால் வைக்கக்கூடாது. வெறுப்பில்லை, மரியாதைதான், மாமியார் வீட்டுக் கூடத்தில் மருமகன் நுழைந்தால் உள்ளறைக்குள் மறையும் உங்கள் பெண்களுக்கு இது புரியும்.

4

இந்தப் பகுதியை மூன்று முறை கிழித்தேன். அந்தப் பேச்சை எழுதினால் நானும் ஒட்டுக்கேட்டவளாகிறேன், படித்தால் நீங்களும். ஆனாலும் இது இல்லாமல் கதை நிற்காது. மருமகன் தன் மூத்த அண்ணனிடம் தொலைபேசியில் பேசியதில் இவ்வளவு மட்டும்:

"அந்த அம்மா வீட்டுக் கூரைய மாத்திட்டேன்ணா."

"புயல்ல போனதா? அது மேல நீ எப்பிடிடா ஏறின? அவங்க தலைக்கு மேல?"

"ஞாயித்துக்கிழம. எல்லாரும் கோயில்ல இருந்தப்ப. தலை உள்ள இல்லாதப்ப ஏறினா..."

"படுக்கிற எடம் உள்ளதானடா இருக்கு."

"அதுக்குத்தான் கோழி ரெண்டு கோயிலுக்குக் குடுத்துட்டேன். தப்புக்கு. யாருக்குன்னு சொல்லல. நீயும் வாயத் தெறக்காத. சபைப் பசங்க போட்டாங்கன்னு அவங்க நெனச்சுக்கட்டும்."

ஹில்டா அப்படித்தான் நினைத்திருந்தார். சபை வாலிபர் சங்கத்துக்கு லப்லப், கிழங்கை அரைத்து இலையில் சுற்றிச் சுடுவது, பெரிதாகச் செய்துகூடக் கொடுத்தார். அவர்கள் ஏன் என்று கேட்காமல் சாப்பிட்டார்கள்.

இதைக் கேட்டதும் ஹில்டா ஹெட்போனைக் கழற்றிவிட்டு அழுதார். அந்த நாட்டு ஆலோசகர் ரஸ்ஸல் பார்த்தார். இஞ்சி பிஸ்கட் டப்பாவை மேசையில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனார். (தன் நாட்டுக்காரர்களிடம், சங்கத்துக்குள் எங்களுக்கு ஆளே கிடையாது என்று கடைசிவரை சொன்னவரும் அவர்தான். அது உண்மை. இரு தரப்பும் நம்பவில்லை.)

5

விசாரணை மன்றத்தில் நிரம்பிய கூட்டம். ஒரு பக்கம் அமைச்சகத்தார், மறுபக்கம் தூதரகத்தார், பின்னால் துறைமுகத்தார். நடுவில் தலைவி வினிஃப்ரெட் அம்மையார், பெந்தெகோஸ்ட் என்ற தீவைச் சேர்ந்தவர்.

கோப்பில் கோடுகள் இருப்பது தெரிந்ததிலிருந்து துறைமுகத்தார் ஒரு வாரமாக ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோடு யார்?

"அந்தக் கோட்ட ஒரு நாள் கடல்ல தள்ளிட்டா நேராயிடும்" என்றான் ஒருவன்.

"முதல்ல நீ கோடு இல்லன்னு நிரூபிடா."

அந்தப் பேச்சுக்கு நடுவில்தான் மருமகனும் உட்கார்ந்திருந்தார்.

ஹில்டாவின் இக்கட்டு இதுதான். பெயரைச் சொன்னால் முறை கெடும். ஏன் சொல்லவில்லை என்று விளக்கினாலும் பெயரைச் சொன்னதாகிவிடும். அவருக்கு ஒரே மருமகன். மாமியார் அந்நியப் பணத்தில் ஒட்டுக்கேட்கிறவர், மருமகன் சங்கச் செயலாளர் என்றால் அவர் ஒற்றர் இல்லை என்று யார் நம்புவார்கள்? சொல்லாவிட்டால் மன்ற அவமதிப்புக்குச் சிறை.

"யார் இந்தக் கோடு?" என்றார் அரசு வழக்கறிஞர்.

"சொல்லமாட்டேங்கய்யா."

"சிறைக்குப் போவீங்க."

"போறேங்கய்யா."

"ஒருமுறை வாசிச்சுக் காட்டுங்க" என்றார் தலைவி. ஹில்டா வாசித்தார். ஒவ்வொரு கோடு வரும்போதும் நிறுத்தி, தலையைத் தாழ்த்தி, உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டார். நான்காவது கோட்டில் தலைவி பேனாவை வைத்தார்.

"எல்லாரும் போய் டீ குடிச்சிட்டு வாங்க."

"அம்மா, மணி பத்துகூட ஆகல" என்றார் வழக்கறிஞர்.

"அப்ப மெதுவா குடிங்க."

மன்றம் காலியானது. தலைவி மேடையிலிருந்து இறங்கி ஹில்டாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இந்த ஆள் போலீஸ் சம்பளம் வாங்கினாரா?"

"சத்தியமா இல்லம்மா."

"இவர் வழியில வந்தா நீ ஒக்காந்துடுவியா?"

ஹில்டா தலையசைத்தார்.

"எனக்கும் ஒருத்தர் இருக்கார். அவர் சாட்சியா வந்த ஒரு வழக்க, நாலு நாள் பேரே சொல்லாம நடத்தி முடிச்சேன். 'வலதுபுறம் நிற்பவர், வலதுபுறம் நிற்பவர்'னு. கடைசி நாள் மனுசன் இடதுபுறம் போய் நின்னுட்டார்."

இருவரும் சிரித்ததை வெளியே யாரும் கேட்கவில்லை. தலைவி தீர்ப்பில் எழுதியது: "கோடு ஒற்றரைக் குறிக்கவில்லை. காரணத்தை இந்த மன்றம் அறியும். காரணம் பதிவு செய்யப்படவில்லை." எப்படியாவது முடித்துக்கொள்ளக் காத்திருந்த இரண்டு அரசுகளும் அந்த மூன்று வரியைப் பிடித்துக்கொண்டன.

6

எந்த முடிவு வேண்டும்?

(அ) கடற்கரை மைதானத்தில் சமாதானச் சடங்கு. பாய்கள், ஒரு பன்றி, சிரட்டையில் கவா என்ற கசப்பு வேர்ச்சாறு. தூதர் ஒரே மூச்சில் குடித்து, முகத்தைச் சுளிக்காமலிருக்கப் படாத பாடு பட்டார். கப்பல் வந்தது. இது நடந்தது, செய்தித்தாளில் இருக்கிறது, எனக்கு வேண்டாம்.

(ஆ) ஹில்டா மருமகனிடம் போய், "கூரை போட்டது நீங்கன்னு தெரியும்" என்று – முடியாது. முறையும் இல்லை, அது தெரிந்த வழியும் சொல்லக்கூடியதில்லை.

(இ) வேலையை விட்டபிறகு ஹில்டா வீட்டில் உட்கார்ந்து கூரை வேயும் நாதங்குரா ஓலை பின்னிக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக் கூரை புதிது. மருமகனின் படகுக் கொட்டகைதான் புயலில் பிய்ந்தபடியே கிடந்தது. அது தாழ்வானது, ஒரு பெண் தரையில் நின்றே ஓலை கட்டிவிடலாம். ஒரு சனிக்கிழமை என்னிடம் கேட்டார்:

"நாளைக்குக் கடல்ல தண்ணி எப்ப ஏறும்?"

"பதினோரு மணிக்கு மேலக்கா. ஏன்?"

"சும்மாதான்."

மறுநாள் ஆராதனையில் ஹில்டாவின் இடம் காலியாக இருந்தது. முப்பது வருடத்தில் நற்கருணையை அவர் தவறவிட்டது எனக்குத் தெரிந்து அதுவே முதல் முறை. ஆண்கள் பக்கத்தில் மருமகன் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார். லெனா என் பாவாடையை இழுத்து, "டீச்சர், பதில்?" என்றாள். நான் சன்னலைப் பார்த்தேன். அங்கிருந்து கடற்கரை தெரியும். திரும்பிப் பீடத்தைப் பார்த்துக்கொண்டேன்.

ஆகவே, கொட்டகையருகே என்ன நடந்தது என்று என்னால் எழுத முடியாது. ஒருவரும் பார்க்கவில்லை. நீங்களும் போய்ப் பார்க்கவேண்டாம். மணலில் ஒருவர் போய்த் திரும்பிய தடம் இருக்கும். ஓதம் ஏறும்வரை இந்தப் பக்கமே இருங்கள்.