மேடத்தின் கதிரை

கண்டியில் பெற்றீசியா டீச்சர் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை இங்கிலீஷ் வகுப்பில் கரும்பலகை உண்டு, புத்தகம் உண்டு, ஆனாலும் வகுப்பை நடத்துவது ஒரு கதிரைதான். மாதா கோயில் மண்டபத்து மூலையில் கிடந்த, கைப்பிடி வைத்த பழைய கதிரை. மற்ற எல்லாருக்கும் நீள வாங்குப் பலகை. அந்தக் கதிரையில் யார் இருக்கிறாரோ அவர்தான் மேடம். இன்னொருவர் எதிரே போய் நின்று, படித்த இங்கிலீசில் மேடத்திடம் கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும். மேடம் பதில் சொன்னதும் சிரித்த முகத்தோடு "தேங்க் யூ, மேடம்" என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால்தான் மேடம் எழும்பி அடுத்தவருக்கு இடம் விடுவார். மறந்துபோனால் முதலிலிருந்து.

"பதில் புடிச்சாலும் புடிக்காட்டியும் தேங்க் யூ வரணும். மூச்சு விடுற மாதிரி வரணும்," என்பார் டீச்சர். "வெளிநாட்டு வீட்டுல அதுதான் உங்கள காப்பாத்தும்."

அவர் சொல்வதில் பிழையில்லை. வருகிறவர்களில் பாதிப்பேர் வீட்டு வேலைக்கு வெளிநாடு போகக் காத்திருக்கும் பெண்கள். ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள் குறைவு. நாவலப்பிட்டி இராஜகுமாரி பாஸ்போட்டை எடுத்து வைத்துக்கொண்டு, பிளேன் வாசலுக்கே வந்து ஹோர்ன் அடிக்கப் போகிறது என்ற மாதிரிப் படித்தாள். ஷஹ்மா எங்கேயும் போகிறவள் இல்லை. டவுனில் துணிக்கடை வைத்திருக்கிறாள். வெள்ளைக்காரர் வந்தால் கல்குலேட்டரைக் காட்டியே வியாபாரம் பண்ணி அலுத்துப்போனவள். கதிரையில் ஏறிவிட்டால் இராஜகுமாரி காலுக்கு மேல் கால் போட்டு, உலகத்து மேடம்மார் எல்லாருக்கும் சேர்த்து அதட்டுவாள். இவளிடம் வேலைக்கு நிற்பதைவிடத் தேயிலைக்குப் போகலாம் என்று ஷஹ்மா சொல்லிச் சிரிப்பாள்.

பஸ்லினா தேயிலையிலிருந்துதான் வந்தாள். மடுல்கெல்லையில் கொழுந்து பறிப்பவள், ஐம்பதைத் தொடும் வயது, படிப்பு மூன்றாம் வகுப்பு. அவள் வெளிநாடு போகிறவளும் இல்லை, கடைக்காரியும் இல்லை. எதற்காக இங்கிலீஷ் படிக்க வந்தீர்கள் என்று முதல் நாள் டீச்சர் எல்லாரையும் கேட்டபோது அவளையும் கேட்டார்.

"ஒரே ஒரு கேள்வி கேக்கணுங்க டீச்சர். அத மட்டும் சொல்லிக் குடுத்தா போதும்."

அவளுடைய மகள் ஷிரோமி குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்து, இரண்டு வருஷத்துக்கு முன்பு அங்கேயே செத்துப்போனாள். தூக்கத்தில் இதயம் நின்றுவிட்டதாம். பெட்டி வந்தது. திறக்க வேண்டாம் என்றார்கள், திறக்கவில்லை. பஸ்லினா அழுகிறாளா என்று பார்க்க வந்தவர்கள் தாங்கள் அழுதுவிட்டுப் போனார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. காரியம் எல்லாம் முடிந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனாள். கை தன் பாட்டில் கொழுந்து பறித்தது. வாய் தன் பாட்டில் சோறு தின்றது. கால் விறைத்துப்போனால் தரையை மிதிப்பது தெரியாதே, அந்த மாதிரித்தான் அவளுக்கு எல்லாமே இருந்தது.

ஒன்று மட்டும் விறைக்கவில்லை. அவர்கள் லயத்து வீடுகளில் வேதக்காரர் யாருக்காவது உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தால் பஸ்லினாவைத்தான் கூப்பிடுவார்கள். அவள் போய்ப் பக்கத்தில் இருந்து, கையில் மெழுகுதிரியைப் பிடித்துக் கொடுத்து, காதோடு காதாக "இயேசு, மரி, சூசை" என்று மூச்சு அடங்கும்வரை சொல்லிக்கொண்டிருப்பாள். மாமியாருக்குச் சொல்லியிருக்கிறாள். தண்ணீர்ப் பீலியில் தன்னோடு வருஷக்கணக்காக மல்லுக்கு நின்ற பக்கத்து வீட்டுக் காம்பராக்காரிக்கும் சொல்லியிருக்கிறாள். ஊரில் அத்தனை பேரையும் கையைப் பிடித்து அனுப்பிவைத்தவளின் மகள் போகும்போது பக்கத்தில் யார்? ஜெபம் போகட்டும், அது வேறு மார்க்கத்து வீடு. ஒரு ஆள் இருந்ததா, இல்லையா? அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரனிடம் கேட்டாள். இயற்கை மரணம் என்றுதான் எழுதியிருக்கிறது என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான்.

ஷிரோமியின் சாமான்களோடு அவளுடைய போனும் வந்திருந்தது. அதில் அந்த வீட்டு மேடத்தின் நம்பர் இருந்தது. அரபு பேசுகிற மேடம். இங்கிலீசும் தெரியும் என்று ஷிரோமி உயிரோடு இருந்தபோது சொல்லியிருக்கிறாள்.

"நானே கேட்டுச் சொல்றேனே, பஸ்லினா," என்றார் டீச்சர். "ரெண்டு நிமிஷ வேலை."

"நீங்க கேட்டீங்கன்னா ஒங்களுக்குத்தாங்க பதில் சொல்லுவாங்க. நான் கேட்டா எனக்குச் சொல்லணும்ல."

டீச்சர் சோக்கட்டியை எடுத்தார். பலகையில் எழுதிப் போட்டார்: வாஸ் எனிபடி வித் ஹேர், மேடம்? அவளோடு யாராவது இருந்தார்களா, மேடம்?

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்லினா விடிய எழும்பி, பன்விலை, வத்தேகம என்று வளைந்து வளைந்து வரும் பஸ்ஸில் கண்டிக்கு வந்தாள். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இறங்கிப் பூசைக்குப் போய்விட்டு மண்டபத்துக்கு வருவாள். ஏ, பி, சி எழுதினாள். எஸ், நோ படித்தாள். தன் பெயரை எழுதப் படித்தாள். அதெல்லாம் அவளுக்கு வழியில் வருகிற ஊர்கள் மாதிரி. இறங்குகிற இடம் அந்த ஒரு கேள்விதான். "வித்" என்ற சொல்லுக்கு நாக்கைப் பல்லில் முட்டுவது லேசில் வரவில்லை. கொழுந்து பறித்துக்கொண்டே முட்டி முட்டிப் பார்த்தாள். பக்கத்து நிரைக்காரிகள், பாவம், பிள்ளை போன ஏக்கத்தில் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

வகுப்பில் அவள் முறை வந்தால் யாராவது கதிரையில் இருக்க வேண்டும். முதல் தடவை இராஜகுமாரி இருந்தாள். வழக்கமான அதட்டலைக் காணோம். காலை இறக்கி வைத்துக்கொண்டாள்.

"வாஸ் எனிபடி வித் ஹேர், மேடம்?"

"எஸ்," என்றாள் இராஜகுமாரி. "ஐ வாஸ் வித் ஹேர்." நான் அவளோடு இருந்தேன்.

"தேங்க் யூ, மேடம்."

அடுத்த வாரம் ஷஹ்மா இருந்தாள். அவளும் எஸ் என்றாள். அதோடு விடாமல், கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், தண்ணீர் கொடுத்தேன் என்று, தெரிந்த இங்கிலீஷ் முழுவதையும் செலவழித்தாள். பிறகு வாங்கில் போய் இருந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வாரத்துக்கு ஒருவராக எல்லாரும் அந்தக் கதிரையில் இருந்தார்கள். எல்லாரும் எஸ் என்றார்கள். இல்லை என்று சொல்ல அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. இரண்டு பதிலுக்கும் ஆளைத் தயார் பண்ண வேண்டும் என்பது டீச்சருக்குத் தெரியாததல்ல. அவரும் விட்டுவிட்டார். பஸ்லினா சிரித்த முகத்தோடு நன்றி சொல்லி நன்றி சொல்லி, கேள்வியும் அந்த நன்றியும் ஒரே மூச்சில் வரும்படி ஆகிவிட்டது.

கேள்வி நன்றாகப் படிந்ததும் டீச்சர் குவைத் மேடத்துக்குச் செய்தி போட்டார். ஞாயிறு காலை பேசலாம் என்று பதில் வந்தது.

அன்றைக்கு டீச்சர் போனை ஸ்பீக்கரில் போட்டு அந்தக் கதிரையின் கைப்பிடியில் வைத்தார். பஸ்லினா எப்போதும் நிற்கிற இடத்தில், கதிரைக்கு எதிரே, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"குட் மோர்னிங், மேடம். ஐ ஆம் ஷிரோமிஸ் மதர்."

அந்தப் பக்கம் ஒரு பெண்ணின் குரல் மெதுவாக என்னவோ சொன்னது. கெட்ட குரல் இல்லை. களைத்த குரல்.

"வாஸ் எனிபடி வித் ஹேர், மேடம்?"



"நோ," என்றது குரல். அதற்குப் பிறகு இங்கிலீஷ் கடகடவென்று ஓடியது. பஸ்லினாவுக்கு அதில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. முதல் சொல் போதுமாக இருந்தது.

குரல் நின்றது. பஸ்லினாவின் முகம் சிரித்தது.

"தேங்க் யூ, மேடம்," என்றாள்.

போன் நின்றுபோனது. இராஜகுமாரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பின்னுக்கு என்னாங்க சொன்னாங்க, டீச்சர்?"

டீச்சர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வீட்டு ஆக்கள் எல்லாம் பயணம் போயிருந்தாங்களாம். அவ தனியத்தான் இருந்திருக்கிறா. திரும்பி வந்துதான் கண்டாங்களாம். மன்னிக்கச் சொன்னாங்க."

"சரிங்க டீச்சர்," என்றாள் பஸ்லினா. பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

வீட்டில் புருஷன் பஸ்தியாம்பிள்ளை வாசல்படியில் இருந்தான்.

"கேட்டியா?"

"கேட்டேன். யாரும் இல்லையாம்."

அவன் எழும்பி மாட்டுக்குப் புல் போடப் போனான். புல் ஏற்கெனவே போட்டுத்தான் இருந்தது. அவள் உலையை வைத்தாள்.

இல்லை என்ற சொல் அவளை ஒன்றும் செய்யவில்லை. உள்ளுக்குள் அது எப்போதோ தெரிந்த சொல்தான். அவளைப் பிடித்து ஆட்டியது மற்றது. வியாழக்கிழமை கொழுந்து நிறுக்க நிரையில் நிற்கும்போது அது வந்தது. என் பிள்ளை தனியே கிடந்து செத்தாள் என்று ஒருத்தி சொல்கிறாள், நான் பல்லைக் காட்டி அவளுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். கூடையோடு அப்படியே நின்றாள். பின்னால் நின்றவள் தள்ளிய பிறகுதான் நகர்ந்தாள். அன்று முழுக்க அவளுக்குத் தன் வாயைக் கண்டாலே அருவருப்பாக இருந்தது. பெட்டி வந்த நாளுக்குப் பிறகு அவள் உணர்ந்த முதல் விஷயம் அதுதான்.

அடுத்த ஞாயிறு அவள் வருவாள் என்று யாரும் நினைக்கவில்லை. வந்தாள். பூசை முடிந்து வந்து, வாங்கில் இருக்காமல் கதிரைக்கு எதிரே போய் நின்றாள்.

"டீச்சர், யாராவது இருந்து நோ சொல்லுங்க. நான் அதப் படிக்கல."

ஒருவரும் எழும்பவில்லை. இராஜகுமாரி பைக்குள் எதையோ தேடத் தொடங்கினாள். ஷஹ்மா தலையைக் குனிந்துகொண்டாள். கதிரை காலியாகக் கிடந்தது.

இத்தனை வருஷ வகுப்பில் பெற்றீசியா டீச்சர் அந்தக் கதிரையில் ஒரு தடவையும் இருந்ததில்லை. சோக்கட்டியைக் கீழே வைத்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து இருந்தார்.

"வாஸ் எனிபடி வித் ஹேர், மேடம்?" நாக்கு பல்லில் சரியாக முட்டியது.

"நோ," என்றார் டீச்சர்.

எல்லாரும் அந்த நன்றிக்காகக் காத்திருந்தார்கள். பழக்கத்தில் பஸ்லினாவின் உதடு விரிந்தது. அவள் அதை இழுத்து மூடினாள். மூடிய வாயோடு டீச்சரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. துடைக்கவில்லை, சத்தமும் போடவில்லை, அந்தச் சொல்லையும் சொல்லவில்லை.

அதைச் சொன்னால்தான் மேடம் எழும்பலாம். டீச்சர் எழும்பவில்லை.