இடது காது

மகள் இஸ்திரிப் பெட்டியை அப்பாவின் முகத்தின் மேல் வைத்து அழுத்தினாள். தாள் கருகிவிடுமோ என்று தூக்கினாள். ஒட்டியிருக்காதோ என்று மறுபடி வைத்தாள். பழகிய வேலைதான்.

பிறந்தநாளுக்குப் படம் போட்ட தலையணை உறை அடித்து விற்கிறவள். வீட்டுப் பிரிண்டரில் படத்தைத் தனித்தாளில் எடுத்து, துணிமேல் கவிழ்த்துத் தேய்த்தால் மை துணியில் இறங்கிவிடும்.

மாமா வாசலில் நின்றார். கல் அரவை ஆலையில் அப்பாவோடு வேலை செய்கிறவர். புருவத்தில் இன்னும் கல்தூள்.

"ஆச்சா? ஆஸ்பத்திரியிலேருந்து பெட்டி வந்துடுச்சு. மூஞ்சிக் கட்டைப் பிரிச்சுக் காட்டுன்னு உங்கம்மா நிக்கிறா."

"விடாதீங்க மாமா."

"நான் பாத்துட்டேன். அது போதும். அவ பாக்கக் கூடாது."

ஆலையில் சரிந்த கல் அப்பாவின் முகத்தில்தான் விழுந்திருந்தது. ஆஸ்பத்திரியில் தலை முழுக்கக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். வேற யாரையோ மாத்திக் குடுத்துட்டானுங்க என்று அம்மா காலையிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

தாளை உரித்தாள். சாப்பிட்டுவிட்டுப் பல் குத்தப்போகும் நேரத்தில் எடுத்த படம். பாதிச் சிரிப்பு.

முன்னறையில் இரண்டு பெஞ்சின் மேல் பெட்டி. கட்டின்மேல் துணியை விரித்து ஓரங்களைச் செருகினாள். ஆலை ஆட்கள் கிட்டே வந்தார்கள்.

"அப்படியே இருக்காருய்யா."

"என்னடா வேடிக்கை, லோடு யார் ஏத்துவான்னு கேப்பாரு இப்ப."

அம்மா வந்து குனிந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"யாருடி இது?"

"அப்பாம்மா."

"உங்கப்பனுக்குக் கிழிஞ்சது இடது காது."

மகள் பார்த்தாள். எப்போதோ மெஷின் பெல்ட் கிழித்த காது, துணியில் அப்பாவின் வலப்பக்கம் இருந்தது. கவிழ்த்துத் தேய்ப்பதால் படத்தை முன்கூட்டியே கம்ப்யூட்டரில் இடவலம் மாற்ற வேண்டும். எழுத்து இருந்தால் மறக்கமாட்டாள். வெறும் முகத்தை அவள் மாற்றுவதே இல்லை. வாங்கிப்போனவர்களில் ஒருவரும் இதுவரை கண்டுபிடித்ததில்லை.

"எடம் மாறி விழுந்துடுச்சும்மா. நான்தான் பாக்கல."

"வீட்ல இருக்கிற நீயே மாத்திட்ட. அவனுங்க மாத்திருக்க மாட்டானுங்களா?"

அம்மா துணியின் ஓரத்தைப் பிடித்தாள். மாமா அவள் மணிக்கட்டைப் பற்றினார்.

"வேணாம்மா. சொன்னா கேளு."

"விடுண்ணே. தூக்க மாட்டேன்."

மாமா கையை எடுத்தார். அம்மா பெட்டியைச் சுற்றி வந்து அப்பாவின் இடப்பக்கமாகத் துணிக்குள் கையை விட்டாள். கட்டுத் துணியின் மடிப்புக்குள் விரல்கள் போயின. கண் சுவரில் இருந்தது. அச்சடித்த கன்னம் மேலே புடைத்து நகர்ந்தது. சிரிப்பு ஒருபக்கம் கோணி, மறுபடி நேரானது. ஆலை ஆட்களில் ஒருவன் வெளியே போய்விட்டான்.

காதருகே கை நின்றது.

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"மூடிரலாமா?" என்றார் மாமா, மெதுவாக.

அம்மா விலகியிருந்த துணியின் ஓரத்தை மறு கையால் இழுத்துச் சரிசெய்தாள். உள்ளே இருந்த கையை எடுக்கவில்லை.