தொட்ட சுமை

சுமையைத் தொட்டுவிட்டால் தூக்கியாக வேண்டும். சென்றாயனின் ஆட்களுக்குள் இருந்த ஒரே சட்டம் அதுதான். அடிவாரத்தில் எது கிடந்தாலும் சுற்றி வந்து பார்க்கலாம், குனிந்து பார்க்கலாம், மூக்கைச் சுளிக்கலாம். கை மட்டும் படக் கூடாது. பட்டுவிட்டால் அது அவர்களுடைய சுமை. மேலே கொண்டுபோய் இறக்குகிற வரைக்கும் விட முடியாது. கொல்லிமலைக்கு வண்டிப்பாதை இல்லாத காலம் அது. உப்பு முதல் மிட்டாதார் பங்களாவின் நிலைக்கண்ணாடி வரை எல்லாம் இவர்கள் தோளில்தான் ஏறின. சென்றாயன் இவர்களுக்கு மேஸ்திரி. ஒரு சுமையைப் பார்த்த மாத்திரத்தில் எத்தனை ஆள், எத்தனை நாள் என்று சொல்லிவிடுவான். இருபது வருஷத்தில் அது ஒருநாளும் பிசகியதில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. இருக்காதா பின்னே?

முப்பத்தாறாம் வருஷம் ஐப்பசியில் மிட்டாதார் அர்த்தனாரியின் மனைவி ராசம்மாளை டோலியில் வைத்து மேலே கொண்டுவந்தவனும் அவன்தான். தண்டைத் தோளில் வைத்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. இருபத்தாறு வயதுப் பெண்ணின் கனம் இல்லை அது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் கனம். க்ஷயம். மலைக்காற்றுப் பட்டால் தேவலையாகும் என்று சேலத்து டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டருக்கும் வேறு சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

மலை மேல் வாழவந்தி நாட்டில் ஏரியைப் பார்த்தபடி இருந்தது பங்களா. ராசம்மாள் நாள் முழுக்க ஜன்னலோரம் படுத்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேட்டூரில் அணை கட்டிய புதிதில் அவள் ஒரு மோட்டார் படகைக் கரையிலிருந்து பார்த்திருக்கிறாள். படபடவென்று சத்தம் போட்டுக்கொண்டு அது தண்ணீரைக் கிழித்துப் போனதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வந்தது. ஒருநாள் அதைப் புருஷனிடம் சொன்னாள். அவ்வளவுதான். அர்த்தனாரி அன்றைக்கே மதராஸுக்குக் கடுதாசி எழுதினார். அவள் கேட்டு அவரால் கொடுக்க முடிகிற பொருள் அது ஒன்றுதான் மிச்சமிருந்தது, பாவம்.

கம்பெனிக்காரன் இரண்டு படகுகளை அனுப்பினான். பெரிது ஒன்று, சிறிது ஒன்று. பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிவிடலாம். பேளுக்குறிச்சி வரை லாரியிலும், அங்கிருந்து மாட்டுவண்டியிலுமாக இரண்டும் தை மாதம் அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தன. பார்த்து முடிவு செய்ய மிட்டாதார் சென்றாயனையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த நேரம் ராசம்மாள் சென்றாயனை ஜன்னலுக்குக் கூப்பிட்டாள்.

"சென்றாயா, உன்னைத்தான் கேப்பாரு. சின்னதே போதும்னு சொல்லிரு."

"ஏனுங்க தாயி?"

"அவரு எனக்குன்னு எது வாங்குனாலும் பெரிசாத்தான் வாங்குவாரு. எனக்குச் சீக்கிரம் வரணும். அவ்வளவுதான்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "ஒரே ஒருக்கா ஏரியைச் சுத்தி வந்தாப் போதும்."

"சொல்லீர்றனுங்க தாயி" என்றான் சென்றாயன். மனசாரத்தான் சொன்னான்.

அடிவாரத்தில் சின்னப் படகு புளியமரத்தடியில் கிடந்தது. ரெண்டு பேர் நெருக்கி உட்காரலாம். எட்டு ஆள், இரண்டு நாள் என்று நடக்கிற நடையிலேயே அவன் முடிவு கட்டிவிட்டான். பிறகுதான் பெரியதைப் பார்த்தான். இருபத்திரண்டு அடி நீளம். தேக்கு. மேலே ஏதோ எண்ணெய் பூசி, மழையில் நனைந்த காளையின் முதுகு மாதிரி மினுமினுவென்று இருந்தது. உள்ளே நீளவாக்கில் மெத்தை போட்டிருந்தார்கள். எஞ்சினைக் கழற்றித் தனியாக ஒரு பெட்டியில் வைத்திருந்தார்கள்.

அர்த்தனாரி மெத்தையை அழுத்திப் பார்த்தார். "சென்றாயா, அவளால உக்கார முடியறதில்லை. இதுல படுத்துக்கிட்டே போலாம் பாரு." "என்ன சொல்றே? எது?"

சின்னது என்று சொல்ல வாயைத் திறந்தான். திறந்தவன் கை நீண்டு பெரிய படகின் மேல் பட்டது. ஆசைதான், வேறென்ன? அந்த மாதிரி ஒரு மரத்தை அவன் ஆயுசில் பார்த்ததில்லை. உள்ளங்கையை வைத்து ஒருமுறை தடவிவிட்டான்.

"மாமா தொட்டுட்டாரு!" என்று கத்தினான் காளியண்ணன். சென்றாயனுக்கு அக்காள் மகன், வாய்த்துடுக்கு. ஆட்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். மலைக்கு வந்து போகிற அர்த்தனாரிக்கும் அந்தச் சட்டம் தெரியும். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தான் சென்றாயன்.

தெரியாமல் கை பட்டுவிட்டது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். மிட்டாதார் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார். ஆனால் முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தொட்ட சுமையை விட்டான் சென்றாயன் என்ற பேச்சு மலை மேல் சோளக்காட்டு ஊர் வரைக்கும் போகும்.

"பத்து நாளுங்க எசமான்" என்றான்.

எஞ்சின் பெட்டி மறுநாளே மேலே போய்விட்டது. படகுக்கு இருபத்தாறு ஆள். அடியில் மூங்கில்களைக் குறுக்கே கட்டித் தூக்கினார்கள். இருபது அடி போனால் இறக்க வேண்டும். வளைவு வந்தால் மரத்தை வெட்டிப் பாதையை அகலப்படுத்த வேண்டும். சாயங்காலமானதும் சென்றாயன் மட்டும் மீதி மலையை ஏறிப் பங்களாவுக்குப் போய் ஜன்னலோரம் நிற்பான். ராசம்மாள் அவனை ஒருநாளும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்கு நன்றாயிருந்திருக்கும்.

"இன்னைக்கு எங்கே?" என்பாள்.

"ஆலமரத்துக்கிட்ட வந்துருச்சுங்க தாயி."

"நேத்தும் ஆலமரம்னுதானே சொன்னே?"

"நேத்து அந்தப் பக்கமுங்க. இன்னைக்கு இந்தப் பக்கம்."

சிரிப்பாள். சிரித்தால் இருமல் வரும். அவன் தலையைக் குனிந்துகொள்வான்.

எட்டாம் நாள் படகு இடுக்குப் பாறைக்கு வந்தது. இரண்டு பாறைகளுக்கு நடுவே பாதை புகுந்து போகிற இடம். டோலி தாராளமாகப் போகும். படகு பாதி தூரம் போய் நடுவயிற்றில் சிக்கி நின்றுவிட்டது. கடப்பாரையால் பாறையைக் கொத்தினார்கள். ஒருநாள் முழுக்கக் கொத்தினால் நாலு விரல் அகலம் கிடைத்தது. பத்தாம் நாள் போனது, பதினொன்றும் போனது. சென்றாயனின் கணக்கு முதல் தடவையாகப் பொய்த்தது.

அன்றைக்குச் சாயங்காலம் ராசம்மாள் எங்கே என்று கேட்கவில்லை. வேறொன்று கேட்டாள்.

"சின்னது என்னாச்சு?"

"அடிவாரத்துல கீத்துக் கொட்டாய்க்குள்ள கிடக்குதுங்க."

"அதைக் கொண்டாரலாமே. அவருகிட்ட நான் சொல்றேன்."

அந்த யோசனை அவனுக்கு வராமலில்லை. மூன்று நாளாக அது ஒன்றைத்தான் யோசித்துக்கொண்டிருந்தான். ஆட்களே பாறை மேல் தொற்றி ஏறி அந்தப் பக்கம் குதித்துத்தான் வந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

"பெரிசு பாதையை அடைச்சுக்கிட்டு நிக்குதுங்க தாயி" என்றான்.

அவள் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சரி விடு. நீ போய்ச் சாப்பிடு சாமி" என்றாள். அதுவரை அவள் அவனைச் சாமி என்று கூப்பிட்டதில்லை. சென்றாயன் கொல்லைப்புறம் போய் முகத்தில் துண்டைப் பொத்திக்கொண்டு நின்றான்.

பதிமூன்றாம் நாள் விடிந்து வெயில் ஏறும்போது ராசம்மாள் இறந்துபோனாள்.

கீழே ஊரில்தான் காரியம், அவள் மாமனார் மாமியாரை எரித்த ஆற்றங்கரையில்தான் என்று அர்த்தனாரி சொல்லிவிட்டார். கொண்டுவந்த அதே டோலி. இந்தத் தடவையும் முன்தண்டில் சென்றாயன். இடுக்குப் பாறை வந்ததும் எல்லோரும் நின்றார்கள். அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. படகு பாதையை அடைத்துக்கொண்டு கிடந்தது. ஆட்கள் தொற்றி ஏறுகிற மாதிரி ஒரு உடம்பை அந்தப் பாறை மேல் ஏற்றி இறக்க முடியாது.

அர்த்தனாரி படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"முன்னாலதானுங்க போகாது" என்றான் சென்றாயன். "பின்னால வரும்."

"அப்படின்னா?"

"தாயியை உள்ள வச்சுக்குவமுங்க, எசமான். அப்படியே கீழ கொண்டுபோயிர்றமுங்க."

அர்த்தனாரி தலையை ஆட்டினார். ராசம்மாளை அந்த மெத்தையில் படுக்க வைத்தார்கள். அவளுக்கு அது சரியாக இருந்தது. ஆறு நாள் கடப்பாரைக்கு மசியாத படகு, பின்னாலிருந்து இழுத்ததும் மறுபேச்சில்லாமல் வெளியே வந்தது. தொட்ட சுமையைக் கீழே திருப்புவதா என்றுதான் சென்றாயன் அதுவரை அதை இழுக்கச் சொல்லவில்லை. இருபத்தாறு பேரும் தோள் கொடுத்தார்கள். திருப்ப இடமில்லாததால் பின்புறமாகவே மலையிறங்கினார்கள். அவள் உள்ளே இருப்பதால் தோளில் ஒரு கனமும் கூடவில்லை. சென்றாயனுக்கு அதுதான் தாங்கவில்லை.

அடிவாரத்தில் வண்டி காத்திருந்தது. ராசம்மாளை அதில் மாற்றினார்கள். ஏறப் போன அர்த்தனாரி நின்றார். கீற்றுக் கொட்டகைக்குள் சின்னப் படகு அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"சென்றாயா, மறைக்காமச் சொல்லு. இதை எடுத்திருந்தா எத்தனை நாள்ல போயிருக்கும்?"

ஆட்கள் எல்லோரும் சென்றாயனைப் பார்த்தார்கள். முப்பது பேருக்கும் விடை தெரியும். சுமையைப் பற்றி அவன் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"அதுவும் அந்த இடுக்குல நின்னுருக்குமுங்க எசமான். எல்லாம் ஒண்ணுதானுங்க."

அர்த்தனாரி மூச்சை விட்டார். "அப்ப பெரிசே நல்லதாப் போச்சு" என்றார். "படுத்துக்கிட்டு வந்தா." வண்டி நகர்ந்தது.

சொன்ன பொய் அவருக்காகவா தனக்காகவா என்று சென்றாயனுக்குத் தெரியவில்லை. வண்டி கண்மறைந்த பிறகு கொட்டகைக்குள் போனான். சின்னப் படகின் முன்பக்கத்தை ஒரு கையால் பிடித்துத் தூக்கிப் பார்த்தான். சுலபமாக வந்தது. அதை மெல்லக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

காளியண்ணன் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாமா தொட்டுட்டாரு என்று இந்தத் தடவை அவன் சொல்லவில்லை.