கதைமாந்தரில் ஒருத்தி குறைவு

"வஹீதா டீச்சர் கதையையே பாடமா எடுத்துருங்களேன்" என்று தலைமையாசிரியை சொன்னதும் இருசம்மாளுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. "அதுக்கென்னம்மா, ஜோரா எடுத்துரலாம்" என்று பல்லைக் காட்டிவிட்டு வந்தாள். ஸ்ரீரங்கத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் இவள். கதை எழுதி அனுப்புவதும், போன சுருக்கில் அது திரும்பி வருவதுமாக இருப்பவளும் இவள்தான். வஹீதா கணக்கு டீச்சர். களம் என்ன, கதைமாந்தர் யார், உச்சம் எங்கே என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பாள். ஒரே ஒரு கதை எழுதினாள். வாரப் பத்திரிகைக்காரன் படமெல்லாம் போட்டு வெளியிட்டுவிட்டான். இது எந்த ஊர் நியாயம்?

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தக் கதையைச் சலித்துப் பார்த்தாள். குற்றம் கண்டுபிடிக்கத்தான், வேறெதற்கு? ஜமீலா என்று ஒரு டீச்சர். புருஷன் பினாங்கில். கடுதாசி வருவது நின்றுபோகிறது. பாலக்கரையில் பஸ் ஏறுகிறவள், காவிரிப் பாலம் வந்ததும் யாருக்கும் தெரியாமல் அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் இறங்குகிறாள். அவ்வளவுதான் கதை. அத்தனையும் வஹீதாவுக்கு நடந்ததுதான். கண்டக்டர் வருகிறார், கீரைக்காரி வருகிறாள், தூங்கி வழிகிற ஒரு கிழவர்கூட வருகிறார். இருசம்மாளைத்தான் காணோம்.

அப்படியானால் அந்த பஸ்ஸில் கூடவே வந்தது யார், பிசாசா? மெயின்கார்டுகேட்டில் இவள் ஏறுகிறவரைக்கும் சாப்பாட்டுத் தூக்கை வைத்து இடம் பிடித்திருப்பவள் வஹீதா. தபால் வந்ததா என்று தினமும் கேட்டது இவள், அவள் கண் கலங்கும்போதே முந்தானையை நீட்டியது இவள். கதையிலோ ஜமீலாவுக்குப் பக்கத்து இடம் காலி! ஒரு வில்லியாகவாவது போட்டிருக்கக் கூடாதா, பாவி. பத்திரிகையில் பேர் வந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள், இதைப் பொறுக்க முடியவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் களம், மாந்தர், சிக்கல், உச்சம் என்று கரும்பலகையில் வரிசையாக எழுதிவிட்டுத் திரும்பினாள்.

"களம்னா நம்புற மாதிரி இருக்கணும். காலை நேரத்துல ஸ்ரீரங்கம் பஸ்ல பக்கத்து இடம் காலியா கிடக்குதாம். நீங்க யாராச்சும் பார்த்திருக்கீங்களா?"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். "படியில தொங்கிட்டுல்ல டீச்சர் வர்றோம்!" என்றது ஒன்று. இருசம்மாளுக்குக் கொஞ்சம் குளிர்ந்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் கணக்கு வகுப்பில் வஹீதாவின் குரல் சட்டென்று நின்றதும் காதில் விழுந்தது. நல்லாக் கேட்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

மத்தியானம் ஆசிரியைகள் அறையில் இருவர் மட்டும் இருந்தார்கள். வஹீதா தூக்கைத் திறந்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நீ சொன்னது சரிதான் இருசு. அந்த இடம் காலி இல்ல. மொதல்ல எழுதறப்ப உன்னைத்தான் அதுல உட்கார வெச்சேன்."

"அப்பறம் எதுக்குடி எடுத்த?"

"நீ வந்து உட்கார்ந்தியா, வாயை மூடினாத்தானே! கண்டக்டரை வம்புக்கு இழுக்குற, கீரைக்காரிகூடச் சண்டை போடுற. ஜமீலா சிரிச்சுட்டா. எப்படி மாத்தி எழுதினாலும் அழ மாட்டேங்குறா. பாலம் வருது, போகுது, இவ சிரிச்சுட்டே இருக்கா. கதையே இல்லாம போச்சு. அதான் உன்னை இறக்கி விட்டுட்டேன்." சோற்றைப் பிசைந்தாள். "எனக்குக் கதைலயாச்சும் அழணும்னு இருந்துச்சு இருசு. நெசத்துலதான் நீ விடல."

இருசம்மாளுக்கு வஹீதாவைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. கட்டிக்கொண்டும் இருப்பாள். அதற்குள், இதைக்கூட எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டாள் பாரேன் என்று ஒரு நினைப்பு வந்து தொலைத்தது. தலைகீழாக நின்றாலும் தனக்கு இப்படி ஒரு வரி வராதே. அடங்கியிருந்த எரிச்சல் மறுபடி மேலேறி நெஞ்சுக்கு வந்துவிட்டது.

கதவுப் பக்கம் சலசலப்பு. வகுப்புப் பெண்கள் அந்தப் பத்திரிகையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு முட்டி மோதி நின்றார்கள்.

"டீச்சர், கதைக்குக் கீழ கையெழுத்துப் போட்டுத் தாங்க டீச்சர்!"

வஹீதா வெட்கத்தோடு எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். மேஜைமேல் தேடினாள், பையைத் துழாவினாள். பேனா அகப்படவில்லை. "உன்னோடதைக் குடேன்" என்று இருசம்மாளைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

மை நிரப்பிய பேனா இருசம்மாளின் கையில்தான் இருந்தது. அதன் மூடியை மெல்லத் திருகி இறுக்கிக்கொண்டிருந்தாள்.