முருகன் மறைத்த முள்

தம்பிராஜா பேட்டரியைத் தோளிலிருந்து இறக்கி, யூனுஸ் கடையின் கண்ணாடி மேசைமேல் டொக்கென்று வைத்தார். உள்ளே அடுக்கியிருந்த பிளக்குகளும் பல்புகளும் ஒரு குலுங்கு குலுங்கின.

"செத்ததை வித்திருக்கே பாய். இந்தா, எடுத்துக்க. புதுசு குடு."

ஜாலான் பெண்டஹாராவில் கார் சாமான் விற்கும் யூனுஸ் அப்போதுதான் கடை திறந்து ஊதுவத்தி ஏற்றியிருந்தார். காலங்காத்தால இந்த முகமா என்று நினைத்தாரோ என்னவோ, வாயால் சொல்லவில்லை.

"பெரியவரே, மேசை கண்ணாடி. ஒடஞ்சிடும்."

"அதுக்காவது கேரண்டி இருக்கா?"

தம்பிராஜா சட்டைப் பையிலிருந்து கேரண்டி அட்டையை எடுத்து நீட்டினார். அதில் இருந்தது இங்கிலீஷ். அவருக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். அட்டை என்ன சொன்னால் அவருக்கென்ன, விற்கும்போது யூனுஸ் வாயால் சொன்னது காதில் இருந்தது: ஒரு வருஷத்துக்குள் கெட்டால் மாற்றித் தருவேன். வாங்கி மூன்று மாதம்கூட முடியவில்லை.

யூனுஸ் அட்டையைத் தொடவில்லை. வாசலுக்குப் போய், வெளியே நின்ற பழைய மோரிஸ் காரைப் பார்த்தார். கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கிளப்பிக் கொண்டுவந்த கார். கூரையில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்கள், ஒன்று முன்னால் பார்த்து, ஒன்று பின்னால் பார்த்து. பின் இருக்கையில் பூட்டுப் போட்ட ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள்ளிருந்து முன்பக்கம் தடித்த வயர் ஓடியது.

"பெட்டிக்குள்ள என்ன?"

"இன்னொரு பேட்டரி. ஒண்ணு கார் ஓட, ஒண்ணு கார் பேச. ஒண்ணு கைவிட்டா இன்னொண்ணு தாங்கட்டும்னு ரெண்டையும் சேத்துக் கட்டியிருக்கு."

"அப்படிச் சொல்லும்! ரெண்டு கட்டினீரா, கேரண்டி போச்சு. ஒரு காருக்கு ஒண்ணுதான் கணக்கு."

"ஒங்கிட்ட நான் வாங்கினது ஒண்ணுதானே? அந்த ஒண்ணுக்குக் குடு. மத்தது எங்கிட்ட எப்படி இருந்தா ஒனக்கென்ன?"

இப்படியே இருவரும் ஏறி ஏறிப் பேசினார்கள். எதிர்க்கடைத் துணிக்காரர் வெளியே வந்து கைகட்டி நின்று கேட்டார். தம்பிராஜாவுக்கு அதுவும் வேண்டியிருந்தது. நாலு பேர் கேட்டால்தான் ஏமாற்றுகிறவன் யோசிப்பான் என்பது அவர் கட்சி. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தில் நிறுவையில் ஏமாந்தவர். அதிலிருந்து தராசு, மீட்டர், அட்டை எதையும் நம்புவதில்லை.

ஆனால் அன்று அவர் கத்தியதற்கு பேட்டரி மட்டும் காரணமில்லை.

அது ஐம்பத்தேழு ஆகஸ்டு. மாதக் கடைசியில் நாடு சுதந்திரம் பெறும் மெர்டேக்கா. கொண்டாட்டக் குழுவினர் தமிழர் தெருக்களுக்கு அறிவிப்புச் சொல்லும் வேலையைத் தம்பிராஜா காருக்குக் கொடுத்திருந்தார்கள். காஜா பெராங், பெண்டஹாரா, தெங்கேரா என்று தினமும் மாலையில் சுற்ற வேண்டும். மெர்டேக்கா அன்று ஊர்வலத்துக்கு முன்னால் போக வேண்டும். கார் அவருடையது, குரல் மகள் கோகிலாவுடையது. "பொம்பளைப் பிள்ளையா பேசப் போவுது?" என்று குழுவின் செயலாளர் ஜெயபாலன் முதலில் முகத்தைச் சுளித்தார். கோகிலா மைக்கைப் பிடித்துத் தமிழில் ஒரு தடவை, மலாயில் ஒரு தடவை சொல்லிக் காட்டினாள். ஜெயபாலன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சரி, பேசட்டும்" என்றார்.

அந்த வாரத்தில் மட்டும் இரண்டு முறை நடுத்தெருவில் அவள் குரல் கிணற்றுக்குள் இறங்குவதுபோல் தேய்ந்து தேய்ந்து நின்றுபோயிற்று. தெருவே சிரித்தது. "இன்னொரு தடவ நின்னா தெங்கேரா லாரிக்காரனைக் கூப்பிட்டுக்குவோம்" என்று ஜெயபாலன் சொல்லிவிட்டார். அந்த லாரியிலும் ஒலிபெருக்கி உண்டு; மைக்கில் லாரிக்காரன் தானே பேசுவான். கோகிலா வீட்டில் உட்கார்ந்து தையல் மெஷின் மிதிக்க வேண்டியதுதான். சோறு போட்ட மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவர் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

கடைசியில் யூனுஸ் இறங்கி வந்தார். "விட்டுட்டுப் போம். சார்ஜ் போட்டுப் பாக்குறேன்."

"விட்டுட்டுப் போனா மாத்திடுவே."

"அப்போ இங்கயே குந்தியிரும்."

குந்தினார். பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பகல் பூராவும் கண் கொட்டாமல் பார்த்தார். யூனுஸ் கோப்பி வரவழைத்துக் கொடுத்தார். முதலில் வேண்டாம் என்றார். ஆறிப்போன பிறகு எடுத்துக் குடித்தார்.

மாலையில் யூனுஸ் கண்ணாடிக் குழாயை பேட்டரித் துளைகளில் விட்டு, திராவகத்தை உறிஞ்சி, வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "பாரும், மிதவை எங்க நிக்குதுன்னு. ஆறு துளையும் ஒண்ணுபோல. கல்லு மாதிரி இருக்கு பேட்டரி."

தம்பிராஜா மிதவையைப் பார்க்கவில்லை. பேட்டரியின் பக்கவாட்டைத் தடவினார். வாங்கிய அன்றே ஆணியால் கீறி வைத்திருந்த வேல் அங்கேயே இருந்தது. மாற்றவில்லை.

அவருக்குக் கோபம் இன்னும் அதிகமாயிற்று. "ஒங்கிட்ட இருந்தா பொழைக்குது, எங்கிட்ட வந்தா சாவுதா? என்னமோ தில்லுமுல்லு இருக்கு."

"இருக்கு. உம்ம காருலதான் இருக்கு. நான் வர்றேன்."

"நீ எதுக்கு?"

"நீர் என்னை நம்பாம நாள் பூரா குந்திப் பாத்தீர்ல? இப்போ நான் உம்மை நம்பாம குந்திப் பாக்குறேன்."

தம்பிராஜாவுக்கு இந்தப் பேச்சு பிடித்திருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

அன்று மாலை மோரிஸ் காஜா பெராங்கிலிருந்து கிளம்பியது. முன்னால் அப்பாவும் மகளும்; பின்னால் தொப்பியைச் சரிசெய்துகொண்டு யூனுஸ், பூட்டிய பெட்டிக்குப் பக்கத்தில் ஒடுங்கி. கார் நடந்தது. ஓடவில்லை, நடந்தது. ஒரு வீட்டு வாசலில் ஆரம்பித்த அறிவிப்பு அந்த வீட்டைத் தாண்டுவதற்குள் முடிய வேண்டும், இல்லாவிட்டால் கேட்கிறவர்களுக்குப் பாதிதான் போய்ச் சேரும் என்பார் தம்பிராஜா. ஒரு ரொட்டிக்காரர் சைக்கிளை மிதிக்காமலே அவர்களை முந்திக்கொண்டு போனார்.

"இதைவிட எறங்கித் தள்ளலாம்" என்றார் யூனுஸ்.

"எறங்கித் தள்ளு."

தெங்கேராவுக்குள் நுழையும்போது கோகிலாவின் குரல் மங்க ஆரம்பித்தது. அவள் மைக்கைக் கீழே இறக்கிவிட்டு அப்பாவைப் பார்த்தாள். யூனுஸ் முன் இருக்கைக்கு மேல் எக்கிப் பார்த்தார்.

"ஆம்பியர் முள் எங்க?"

"இருக்கு."

"எங்க இருக்கு?"

"முருகனுக்குப் பின்னால."

கார் வாங்கிய நாள் முதலாக அந்த முள் இடது பக்கமே சாய்ந்து நடுங்கிக்கொண்டிருந்தது. விற்றவனைக் கேட்டதற்குச் சிரித்தான். சிரித்தால் அதில் ஏதோ ஏமாற்று இருக்கிறது. தம்பிராஜா சன்னாசிமலைத் திருவிழாவில் வாங்கிய முருகன் படத்தைப் பசை தடவி அதன்மேல் ஒட்டிவிட்டார். பொய் சொல்லும் முள்ளைப் பார்ப்பதைவிட முருகனைப் பார்ப்பது மேல்.

யூனுஸ் கையை நீட்டினார், பிறகு இழுத்துக்கொண்டார். "நான் தொடக்கூடாது. உம்ம சாமி. நீரே எடும்."

"எடுக்க மாட்டேன்."

"அப்பா," என்றாள் கோகிலா, "முருகனைக் கொஞ்சம் மேல தள்ளி ஒட்டினா கோவிச்சுக்க மாட்டாரு. நடுத்தெருவுல நான் ஊமையா நின்னாத்தான் கோவிச்சுக்குவாரு."

தம்பிராஜா காரை ஓரங்கட்டினார். கைக்குட்டையை நனைத்து ஊறவைத்து, நகத்தால் மெல்ல உரித்தார். மயிலின் வால் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. கீழே முள், அன்று போலவே இடது பக்கம் சாய்ந்து கிடந்தது.

"பாத்தியா? அப்பவும் இப்படித்தான். பொய்."

"பொய் இல்ல. பேட்டரிக்கு வரவு இல்ல, செலவுதான்னு சொல்லுது. கொஞ்சம் வேகமா ஓட்டிப் பாரும்."

"இந்தத் தெருவுலயா?"

"கிளேபாங் சடக்குல. வாரும்."

கடலோரமாய்ப் போகும் அந்தச் சாலை காலியாக நீண்டு கிடந்தது. தம்பிராஜா அந்தக் காரை இருபது மைலுக்கு மேல் ஓட்டியதே இல்லை. எண்ணெய் தின்னும் என்ற பயம். இப்போது காலை அழுத்தினார். கார் உடம்பெல்லாம் ஆடியது. முள் நடுங்கியது, நிமிர்ந்தது, நடுவைத் தாண்டி வலது பக்கம் சாய்ந்தது. அவருக்குத் தன் கண்ணில் சந்தேகம் வந்தது. இன்னும் அழுத்தினார். முள் இன்னும் சாய்ந்தது.

"யா அல்லாஹ்! மெதுவா, மெதுவா! நான் பிள்ளகுட்டிக்காரன்!"

யூனுஸ் கத்தியது காருக்குள் மட்டும் கேட்கவில்லை. கோகிலா மைக்கை அணைக்க மறந்திருந்தாள். கூரைமேல் இரண்டு குழாய்களும் கணீரென்று அதைச் சொல்லின. மணலில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கோகிலா சிரித்த சிரிப்பும் அப்படியே கடல்வரை போயிற்று. குரலில் ஒரு மங்கல் இல்லை.

கார் நின்றது. யூனுஸ் இறங்கி, தொப்பியை எடுத்துத் தட்டிப் போட்டுக்கொண்டார்.

"பேட்டரி மேல குத்தமில்ல. கார் ஓடுனாத்தான் டைனமோ சோறு போடும். நீர் நடக்குறீர். ஒரு வயித்துக்கே பத்தாத எடத்துல ரெண்டு வயிறு; இன்னைக்கு நான் ரொப்பி விட்டதுலயும் பெட்டிக்குள்ள இருக்குற காலி வயிறு பங்கு கேக்குது. தினம் வேலை முடிஞ்சதும் இந்தச் சடக்குல நல்லா ஓட்டும், ரெண்டும் ரொம்பிடும்."

"அப்போ ரெண்டு கட்டுனது தப்பில்ல."

யூனுஸ் கடலைப் பார்த்தார். "தப்பில்ல. அதால கேரண்டி போச்சுன்னு நான் சொன்னதுதான் தப்பு."

"கேரண்டி?"

"இருக்கு."

"ரெண்டு கட்டுனாலும்?"

"ரெண்டு கட்டுனாலும். அட்டையைக் குடும், பின்னால எழுதித் தர்றேன்."

"எழுத்து எனக்கு வேணாம். நீ என்ன எழுதுறேன்னு எனக்கு எப்படித் தெரியும்? வாயால சொல்லு. நாலு பேர் காதுல விழட்டும்."

கோகிலா புரிந்துகொண்டு மைக்கை நீட்டினாள். திரும்பும் வழியில் தெங்கேரா நடுத்தெருவில், வாசலுக்கு வந்து நின்ற ஜனங்களின் முன்னால், யூனுஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்: "காஜா பெராங் தம்பிராஜா அண்ணன் எங்கிட்ட வாங்குன பேட்டரிக்குக் கேரண்டி உண்டு. அவரு ரெண்டு கட்டுனாலும் உண்டு. இதே மாதிரி நல்ல பேட்டரி வேணுங்கிறவங்க ஜாலான் பெண்டஹாராவுல யூனுஸ் கடை..."

தம்பிராஜா விசையை அணைத்தார். "விளம்பரத்துக்கு வேற கூலி."

ஆனால் அன்று கடை வாசலில் இறக்கிவிடும்போது இடுப்பிலிருந்து சாவியை எடுத்து யூனுஸ் கையில் கொடுத்தார். "பெட்டிய தொறந்து மத்ததையும் சார்ஜ் போட்டுடு." இரண்டடி போய்த் திரும்பினார். "நான் ஒக்காந்து பாத்துக்கிட்டுத்தான் இருப்பேன்."

"கோப்பி ரெண்டா சொல்றேன் அண்ணே. ஆறுறதுக்குள்ள குடியும்."

மெர்டேக்கா அன்று மோரிஸ் காலையிலேயே கிளேபாங் போய்த் திரும்பி வந்து, ஊர்வலத்தின் முன்னால் நின்றது. பிறகு நடந்தது. முருகன் முன்கண்ணாடியின் மேல் விளிம்பில் ஏறியிருந்தார், மயில் வால் மட்டும் கொஞ்சம் குட்டையாக. கீழே முள் தன் இடத்தில் சாய்ந்து செலவைச் சொல்லிக்கொண்டு வந்தது. தம்பிராஜா ஒரு கண்ணை அதன்மேல் வைத்து ஓட்டினார். கோகிலாவின் குரல் காஜா பெராங் முழுக்கப் போயிற்று, பெண்டஹாராவில் கூட்டத்தின் தலைக்கு மேல் போயிற்று, திடல் வரைக்கும் ஒரு சொல்லும் தேயவில்லை. ஜெயபாலன் காருக்கு அருகே வந்து குனிந்து, "தீபாவளிக் கலைநிகழ்ச்சிக்கும் நீயே பேசும்மா" என்றார். கேட்டது அவளை, அப்பாவை அல்ல. தம்பிராஜா சடக்கைப் பார்த்தபடி மூக்கை உறிஞ்சினார், தூசி என்றார்.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபோது யூனுஸ் கடை வாசலில் நின்றிருந்தார். கார் அவர் முன்னால் நின்றது.

"ஏறு பாய். முள்ளு பசியோட கெடக்கு. கிளேபாங் போவோம்."

யூனுஸ் கதவைத் திறந்து, ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு நிறுத்தினார்.

"தங்கச்சி, மைக்கை அணைச்சாச்சா?"

"இல்ல, யூனுஸ் நானா" என்றாள் கோகிலா. அது ஜாலான் பெண்டஹாரா முழுவதும் கேட்டது.